மூன்றாவது தூண்

"தூணுக்குக் கத்திரிப்பூக் கலருங்க சார். அதும் லேசா வேண்டாமுங்க, நல்லா அழுத்தமா இருக்கோணும்" என்றார் ராசப்பன்.

தீனதயாளன் ஒரு விநாடி கண்களை மூடித் திறந்தான். நாமக்கல்லில் அவன் வீட்டு வரைபட அலுவலகம் திறந்து பதினாலு மாதம் ஆகிறது. எருமப்பட்டியில் எழும்பும் ராசப்பனின் வீடுதான், அவன் வரைந்ததில் காகிதத்தைத் தாண்டிச் செங்கல்லுக்குப் போன முதல் வீடு. வெள்ளையும் சாம்பலும் தவிர வேறு நிறமே கிடையாது. சேலத்தில் நடக்கும் இளம் வடிவமைப்பாளர் போட்டிக்கு, கட்டி முடித்த வீட்டின் புகைப்படத்தை அனுப்ப வேண்டும். விண்ணப்பத்தை நிரப்பி வைத்துவிட்டான். பரிசு வாங்கும்போது என்ன பேசுவது என்பதையும் எழுதி வைத்துவிட்டான்.

அந்த வீடு இப்போது கணினித் திரையில் நிற்க, கோழிப்பண்ணைக்காரர் ராசப்பன், மனைவி சௌந்திரத்தோடு வந்து உட்கார்ந்து, அதற்குச் சாயம் போட்டுக்கொண்டிருந்தார்.

"அண்ணா, சாம்பல்தான் இப்ப ஊரு உலகமே அடிக்குதுங்க."

"அடிச்சுக்கட்டுங்க சார். நம்ம படத்துல கத்திரிப்பூவே இருக்கட்டுங்க."

எரிச்சலில் தீனதயாளன் தூணைத் தனியாகத் தேர்ந்தெடுக்காமல், படம் முழுவதற்கும் 'சாம்பல் பெயிண்ட்' என்று பேரிட்டு வைத்திருந்த நிறத்தையே மாற்றிவிட்டான். அந்தப் பெயிண்டைச் சுமந்திருந்த சுவர், மதில், மாடிப்படி, செப்டிக் டேங்க் மூடி எல்லாம் ஒரே நொடியில் கத்திரிப்பூவாயின. அவன் அதைத் திருத்தவில்லை. இதைப் பார்த்தாவது புத்தி வரட்டும் என்று நாற்காலியில் சாய்ந்துகொண்டான்.

சௌந்திரம் திரைக்குப் பக்கத்தில் வந்து உற்றுப் பார்த்தாள்.

"ஐய, செப்டிக் டேங்குக்கு வேண்டாமுங்க. அது வெறும் சிமெண்டாத்தான் இருக்கோணும். செவுத்துக்குக் கிளிப்பச்சை போடுங்க."

போட்டான். கோழி விற்கிறவர்கள் கிளி கேட்கிறார்கள் என்று நினைத்துக்கொண்டான்.

"இது வாழையிலையாட்டம் இருக்குதுங்களே. இன்னங்கொஞ்சம் வெளுக்கோணும். இன்னங்கொஞ்சம்... ஆங், நிறுத்துங்க!"

"தூணுக்குக் கீழ செங்கல் டைல் ஒட்டுங்க சார்" என்று ராசப்பன் ஆரம்பித்தார். "மூணடி ஒசரத்துக்கு. மூணாவது தூணுக்கு மட்டும் ஒண்ணரை அடி போதுங்க."

"ஏனுங்கண்ணா?"

"போதுங்க."

"நாலு தூணுல மூணுக்கு மூணடி, ஒண்ணுக்கு மட்டும் ஒண்ணரை அடியா? அழகு கெட்டுப் போயிருமேங்க!"

"அழகைப் பாத்தா ஆகுங்களா சார்?"

இதற்கு என்ன பதில் சொல்வதென்று தீனதயாளனின் கல்லூரியில் ஐந்து வருடத்தில் யாரும் சொல்லித்தரவில்லை. ஆனால் அவனாகவே ஒரு வழி கண்டுபிடித்தான். கேட்டதையெல்லாம் படத்தில் பூசிக் கொடுத்து அனுப்பிவிடுவது. படம் வெறும் படம்தானே! பெயிண்டர் சரவணமுத்துவைத் தனியாகக் கூப்பிட்டுச் சாம்பலை அடிக்கச் சொல்லிவிட்டால் வேலை முடிந்தது. காய்ந்தால் கிளிப்பச்சை இப்படித்தான் ஆகும் என்றால் இந்தச் சனம் நம்பாமலா போகும்?

அதன் பிறகு அவன் முகத்தில் ஒரு கருணையே வந்துவிட்டது. மூன்றாவது தூணின் டைலைப் பாதியில் வெட்டினான். கேட்காமலேயே வாசலில் ஒரு வெள்ளைக் காரை நிறுத்தினான், இரண்டு பக்கமும் ஈச்ச மரம் நட்டான், பின்னால் நீல வானத்தை விரித்தான்.

"இதேதானுங்க!" சௌந்திரம் கைதட்டினாள். "சுத்தியும் மரமும் வானமுமா என்ன எடுப்பா இருக்குதுங்க!"

"ரொம்ப நல்ல ரசனைங்க உங்களுக்கு" என்றான் தீனதயாளன், முகம் மாறாமல். "இனி ஒரு நல்ல நாளாப் பாத்துப் பெயிண்ட் வேலையை ஆரம்பிச்சரலாமுங்க. சரவணமுத்துகிட்ட நானே பேசிக்கறேன்."

ராசப்பன் மனைவியைப் பார்த்தார். பிறகு அவனைப் பார்த்தார்.

"அவன் அடிச்சு முடிச்சுட்டுப் போயி இருவது நாளாச்சுங்களே சார். இதே கலருதானுங்க, மூணாவது தூணுக்கு மட்டும் டைலு பத்தாமப் போச்சுங்க. நீங்கதான் பூச்சு வேலைக்கப்புறம் அந்தப் பக்கமே எட்டிப் பாக்கலீங்க."

தீனதயாளன் மவுஸை விட்டுவிட்டுத் திரும்பினான்.

"அப்ப... இந்தப் படம் எதுக்குங்க?"

"குடிபோற பத்திரிகையில போடத்தானுங்க."

"அதுக்கு ஊட்டையே ஒரு போட்டோ எடுத்துப் போட வேண்டியதுதானுங்களே!"

"எடுத்துப் பாத்தமுங்க" என்றாள் சௌந்திரம். "எந்தப் பக்கம் நின்னு எடுத்தாலும் எங்க பங்காளி ஊடும் கூடவே வந்து விழுந்துருதுங்க."