கழற்றிய ஹெல்மெட்

எனக்குச் சரியாகத்தான் நினைவிருக்கிறதா என்று இப்போதும் தெரியவில்லை. நகைக்கடைக் காவலாளியை என் கண்ணெதிரே குத்திக் கொன்றவன் ஹெல்மெட் அணிந்திருந்தான். என்னை மனவசியத்தில் ஆழ்த்திய டாக்டர், அவன் இன்னும் என் எதிரிலேயே நிற்பதாகச் சொன்னார்.

“முகம் தெரியல டாக்டர்.”

“கழட்டச் சொல்லுங்கம்மா. நீங்க சொன்னா கேப்பான்.”

சொன்னேன். பணிவாகக் கழற்றினான். உள்ளே, எங்கள் தெருவில் துணி தேய்க்கும் சூசைமாணிக்கத்தின் முகம் இருந்தது.

பக்கத்திலிருந்த இன்ஸ்பெக்டர் சிரித்தார். “நாங்க சொன்னா ஒருத்தனும் கேக்கறதில்ல. உங்க பேச்சக் கேட்டுட்டானேம்மா.”

மறுவாரம் சூசைமாணிக்கத்தைப் பிடித்துவந்து மற்றவர்களோடு வரிசையில் நிறுத்தினார்கள்.

“நல்லாப் பாருங்கக்கா,” என்றார் வரிசையில் நின்றபடி.

நன்றாகப் பார்த்தேன். அதே முகம்தான்.

டாக்டருக்கு விருது கிடைத்தது. இன்ஸ்பெக்டர் மாற்றலாகிப் போனார். சூசைமாணிக்கம் ஆயுள் தண்டனையில் இருக்கிறார். அவர் மனைவி எங்கள் தெருவில் துணி தேய்க்கிறார். என் புடவைகளையும் அவரிடம்தான் கொடுக்கிறேன்.