பெட்டி எழுத்து

மேஸ்திரிக்குத் தோக்சு தர வேண்டிய கடன் ஒரு லட்சத்து முப்பதாயிரம் வொன். இந்தக் கம்ப்யூட்டர் போர் ஆட்டத்தில் ஜெயித்தால் தள்ளுபடி, தோற்றால் இரட்டிப்பு. மழையால் கட்டட வேலை இல்லை. இன்சோன் நகரத்துக் கம்ப்யூட்டர் விளையாட்டுக் கடையில், நூடுல்ஸ் ஆவிக்கு நடுவே இருவரும் எதிரெதிரே உட்கார்ந்திருக்கிறார்கள். கம்பி கிழித்த தோக்சுவின் இடது கை முழுக்கக் கட்டு. வலது கையால் மவுஸை மட்டும் சொடுக்குகிறார். அப்படி வெறுமனே சொடுக்கி அனுப்பினால், திரையில் மருத்துவச்சிகள் யாருக்கும் வைத்தியம் பார்க்காமல், வீரர்களைத் தாண்டி எதிரிக்குள் நடந்துவிடுகிறார்கள். மூவரில் இருவர் செத்தாயிற்று. "அண்ணே, பெட்டி மாதிரி ஒரு எழுத்து இருக்கும், அதை அழுத்துங்க. அப்பதான் நின்னு வைத்தியம் பாப்பாளுங்க" என்று, கூட வேலை செய்யும் நான் பக்கத்திலிருந்து தோக்சுவின் கீபோர்டுக்குக் கை நீட்டுகிறேன். மேஸ்திரி சிரிக்கிறார். "ஒத்தக் கைக்கு ரெண்டு ஆளா? கூலியும் ரெண்டாக் கேப்பீங்களேடா." போன வருஷம்தான் நான் படித்த கொரிய எழுத்து. தேடி அழுத்துகிறேன். கடைசி மருத்துவச்சி நிற்கிறாள். அவள் கையிலிருந்து வெளிச்சம் படப்பட, சாகவேண்டிய வீரன் சாகாமல் சுடுகிறான். மேஸ்திரியின் கடைசி ஆள் விழுகிறான். அவர் ஹெட்போனைக் கழற்றி மேசையில் வைக்கிறார். "போடா, கணக்குத் தீந்துது."