உள்ளே விடுகிற உரிமை

“தம்பி, என்ர கூட்டத்தைத் திறக்க எனக்கே உரிமையில்லையாம். இந்தப் பெட்டி சொல்லுது.”

கனகலிங்கம் கதிரையைப் பின்னால் தள்ளினார்.

வவுனியா பஸ் நிலையத்துக்குப் பக்கத்தில் ஹலீமின் இன்ரநெற் கடை. முல்லைத்தீவுப் பக்கத்து ஊரிலிருந்து, ஓமந்தைச் சோதனைச்சாவடியில் இறங்கி ஏறி வந்திருந்தார் கனகலிங்கம். ஊர்ச் சங்கத்தின் செயலாளர். கூட வந்தவர் சங்கத்தின் உபசெயலாளர் ஜெகதீஸ்வரி ரீச்சர்.

யுத்த நிறுத்தம் வந்த பிறகு கனடா, லண்டன், நோர்வே என்று சிதறிய ஊராட்கள் மாதம் ஒருமுறை இணையத்தில் கூடினார்கள். இன்று முக்கியமான கூட்டம். ஊர்க் குடும்பங்கள் எவை என்று இன்று முடிவு செய்ய வேண்டும். அந்தக் குடும்பங்களுக்கு வெளிநாட்டு உதவியில் வீடு. பிறகு ஒருவரையும் சேர்ப்பதில்லை.

ஹலீம் எட்டிப் பார்த்தார்.

“எந்த ஈமெயிலால போனனீங்கள், ஐயா?”

“மகள் மேனுகா எனக்கெண்டு புதுசா ஒண்டு செய்து தந்தவள்.”

“அதுதான் பிழை. முதல் கூட்டம் வைக்கேக்க உங்களிட்ட ஈமெயில் இல்லை. என்ர கடை விலாசத்திலதான் தொடங்கினது. இது என்னைத்தான் அமைப்பாளர் எண்டு நினைச்சுக்கொண்டிருக்கு. கூட்டத்தைத் திறக்கிறதும் ஆக்களை உள்ள விடுறதும் அமைப்பாளர்தான்.”

“ஊருக்கு நான் செயலாளர். கூட்டத்துக்கு நீர் அமைப்பாளரோ?”

“கொம்பியூட்டருக்கு ஊர் தெரியாதுதானே, ஐயா.”

ரீச்சர் சிரித்தார். கனகலிங்கம் சிரிக்கவில்லை.

ஹலீம் கடை விலாசத்தால் போய்க் கூட்டத்தைத் திறந்தார். ஒலிபெருக்கியில் தலைவர் முத்துலிங்கத்தின் குரல் ரொறன்ரோவிலிருந்து வந்தது.

“என்ன பிந்திப்போச்சு?”

கனகலிங்கம் விஷயத்தைச் சொன்னார்.

“அப்ப இவ்வளவு நாளும் எங்கட ஊர்க் கூட்டத்தின்ர திறப்பு ஒரு கடைக்காரன்ர கையிலயோ? ஆர் அவன்?”

“புத்தளத்தில இருந்து வந்து கடை போட்டிருக்கிற ஒரு முஸ்லிம் பொடியன்.”

“நல்ல வேலை பாத்தீங்கள். தொண்ணூறில ஊரை விட்டுப் போன ஆக்களும் இப்ப வீடு கேட்டு வருகினமாம். அவன் தன்ர ஆக்களை ஒவ்வொருத்தரா உள்ள விட்டாலும் எங்களுக்குத் தெரியவராது. முதல்ல அந்த உரிமையைக் கையில வாங்குங்கோ. மிச்சத்தைப் பிறகு கதைப்பம்.”

“போன ஆக்களோ, அனுப்பின ஆக்களோ?” என்றார் ரீச்சர், மெதுவாக.

ரொறன்ரோவுக்கு அது கேட்கவில்லை. கனகலிங்கத்துக்குக் கேட்டது. தொண்ணூறில் வடக்கு முஸ்லிம்கள் தாங்களாகப் போகவில்லை, துவக்கு முனையில் அனுப்பப்பட்டவர்கள் என்று அவருக்கும் தெரியும்.

ஒலிபெருக்கி சத்தமாகத்தான் இருந்தது. ஹலீம் அதைக் குறைக்கவில்லை. விசைப்பலகையைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார்.

கனகலிங்கத்தின் பெயரை அமைப்பாளர் இடத்தில் போட்டார். திரை ஏற்கவில்லை. திரும்பப் போட்டார். திரும்பவும் சிவப்பு எழுத்து.

“என்ன தம்பி, தர மனமில்லையோ?”

“மகள் ஈமெயிலைச் செய்து தந்தவ. அது உங்கடதான் எண்டு நீங்கள் இன்னும் உறுதிப்படுத்தேல்லை. அதுதான் நம்புதில்லை. இந்த இடத்தில அமத்துங்கோ.”

கனகலிங்கம் அமத்தினார். சிவப்பு எழுத்து போனது. அடுத்து ஒரு கேள்வி வந்தது. ஹலீம் அதைத் தமிழில் சொன்னார்.

“இதுக்கு ஓம் எண்டு குடுத்தா முழு உரிமையும் உங்களுக்கு வந்திடும். எனக்கு ஒண்டும் இருக்காது. திருப்பி எடுக்கவும் ஏலாதாம்.”

“அதுதானே வேணும்.”

ஹலீம் அமத்தினார். பிறகு எழும்பி, பழுதான ஹெட்செற் ஒன்றை எடுத்து வயரைச் சுரண்டத் தொடங்கினார்.

கனகலிங்கத்தின் திரையில் ஏதோ மாறியிருந்தது.

“இதென்ன மூலையில புதுசா ஒரு பெட்டி?”

“அது அமைப்பாளருக்கு மட்டும்தான் தெரியும். உள்ள வரக் கேட்டு வெளிய நிக்கிற ஆக்கள்.” ஹலீம் தலை நிமிரவில்லை.

“பாத்தியளோ ரீச்சர்? தலைவர் சொன்னது சரி. ஆரோ நிக்கினம்.”

கனகலிங்கம் கண்ணாடியை மாட்டிக்கொண்டார். முத்துலிங்கத்துக்கும் கேட்கட்டும் என்று உரத்து வாசித்தார்.

“ஒரே ஒரு ஆள். முதல் கூட்டத்தண்டே கேட்டிருக்கிறார். ஊர் எண்ட இடத்தில எங்கட ஊரைத்தான் போட்டுக் கிடக்கு. வாய்க்கால் றோட், மஜீத் கடை…”

குரல் தேய்ந்தது.

குளத்துக்குக் கீழே காணி கிடைத்து, யாழ்ப்பாணத்திலிருந்து பெண்சாதி பிள்ளையோடு ஊருக்கு வந்த முதல் மழைக்காலம். கொட்டில் போட்டு முடியும்வரை கனகலிங்கம் குடும்பம் படுத்தது மஜீத் கடை விறாந்தையில்.

“ஆர் நிக்கிறது, கனகலிங்கம்? வெளியாள் எண்டா வெட்டி விடுங்கோ,” என்றது ரொறன்ரோ.

கனகலிங்கம் ஒலிபெருக்கியின் சத்தத்தைக் குறைத்தார். பெட்டியில் இருந்த பெயரை இன்னொரு தரம் பார்த்தார். கடை விலாசம் இல்லை, ஹலீம் என்ற சொந்தப் பெயர்தான் இருந்தது.

“நீர்… மஜீத் நானாவின்ர மகனோ?”

“ஓம், ஐயா. கடைசி மகன்.”

“இவ்வளவு நாளும் உரிமை உம்மட கையிலதானே இருந்தது. ஒருக்கா அமத்தியிருந்தா உள்ள வந்திருப்பீர். நாங்கள் ஆரும் கவனிச்சும் இருக்கமாட்டம்.”

ஹலீம் ஹெட்செற்றைக் கீழே வைத்தார்.

“வந்திருக்கலாம், ஐயா. ஆனா ஊருக்குள்ள என்னை நானே விடுறதோ? ஊரெல்லோ விடவேணும்.”