ஓசிப் பேச்சு

“போன வெள்ளிக்கிழம வரைக்கும் சும்மா. இந்த வெள்ளிக்கிழம சல்லியா? அதெப்படி நுஹ்மான் நானா?”

முத்துவீரன் கதிரையை விட்டு எழுந்தே விட்டான். தெஹியோவிட்ட பஸ் நிலையத்துக்கு எதிரே இருந்த அந்த, வெளிநாட்டுக்கு போன் பேசும் கொமியூனிகேஷன் கடையில் போட்டோ கொப்பி எடுக்க நின்ற இரண்டு பேர் திரும்பிப் பார்த்தார்கள்.

கடைக்காரர் நுஹ்மான் நானா கம்ப்யூட்டர் திரையை அவன் பக்கம் திருப்பினார்.

“நான் என்ன செய்ய? இன்டர்நெட்ல பேச விடுறது வெளிநாட்டுக் கம்பனி. இவ்வளவு நாளும் ஆள் சேர்க்கிறதுக்காகச் சும்மா விட்டான். இனி சல்லி கட்டினாத்தான் லைன் தருவானாம். இங்க போட்டிருக்கான், பாருங்க.”

திரையில் இருந்தது இங்கிலீஷ். முத்துவீரனுக்குத் தெரிந்தது தமிழும், வாய்ப்பேச்சுக்குச் சிங்களமும்.

“இங்கிலீஷ்ல போட்டிருந்தா எது வேணாலும் சொல்லலாம்.”

“அப்ப நான் பொய் சொல்றேனா?”

“பொண்டாட்டிய வெளிநாட்டுக்கு அனுப்பிட்டு ஒரு கொரலுக்காக ஓடி வர்றோம். எங்க தவிப்புல சம்பாதிக்காதீங்க நானா. அவ்வளவுதான் சொல்லுவேன்.”

முத்துவீரன் குடையை எடுத்துக்கொண்டு இறங்கிவிட்டான்.

அவன் ரப்பர் தோட்டத்தில் பால் வெட்டுகிறவன். மனைவி விஜயகலா குவைத்தில் ஒரு வீட்டு வேலைக்குப் போய் ஒன்றரை வருடமாகிறது. இந்த ஓசி போன் வந்த பிறகு, ஏழு மாதமாக, வெள்ளிக்கிழமை தவறியதில்லை. அவளுக்கு அன்றைக்குத்தான் லீவு. அவனும் காலையில் வெட்டிய பாலை நிறுத்துக் கொடுத்துவிட்டு, குளித்து, முகம் மழித்து, அயன் பண்ணிய சட்டையோடு பஸ் ஏறுவான். அவள் கேட்கப்போவது குரலைத்தான். இருந்தாலும் மழிப்பான்.

அவள் வேலை செய்யும் வீட்டு போன் அடிக்கும். அவளே எடுப்பாள். பேச்சு ஒரு மணி நேரம் போகும், சில நாள் ஒன்றரை மணி நேரமும் போகும். சும்மாதானே. பேச ஒன்றும் இல்லாவிட்டாலும் வைக்க மனம் வராது. லயத்து வீடுகளில் யார் யாரோடு சண்டை என்று சொல்வான். மகள் சுகந்தினி பள்ளிக்கூடத்தில் ஆடிய நடனத்தைச் சொல்வான். ஒருநாள் ஹெட்போனைக் கழற்றி மேசையில் வைத்துவிட்டு, எதிர்க்கடைக்குப் போய்ப் பிளேன்டீ குடித்துவிட்டு வந்தான். அவள் அப்படியே காத்துக்கொண்டிருந்தாள்.

“பஸ் சத்தம் கேட்டுச்சுங்க. கொண்டக்டர் ‘அவிசாவளை, அவிசாவளை’ன்னு கத்துனது கேட்டுச்சு. நல்லா இருந்திச்சு” என்றாள்.

நுஹ்மான் நானாவை நம்பாமல் முத்துவீரன் அன்றைக்கே அவிசாவளைக்குப் போனான். மூன்று கடை ஏறி இறங்கினான். மூன்றிலும் ஒரே பதில்.

அடுத்த வெள்ளிக்கிழமை ரோஷத்தில் வீட்டிலேயே இருந்தான். கூரைத் தகரத்தைச் சரிபண்ணப் போகிறேன் என்று ஏறினான். வழக்கமாகப் பேசும் மூன்று மணியானதும் ஆணி எங்கே, சுத்தியல் எங்கே என்றே தெரியவில்லை. அங்கே போன் பக்கத்தில் அவள் நின்றுகொண்டிருப்பாள் என்ற நினைப்பே வந்து வந்து போனது.

அதற்கடுத்த வெள்ளி, முகம் மழித்துக்கொண்டு தெஹியோவிட்டவில் இறங்கினான்.

நுஹ்மான் நானா பழையதை எடுக்கவில்லை. “எத்தன நிமிசம் போடட்டும்?” என்று மட்டும் கேட்டார்.

“பத்து.”

மணி ஒரு தடவைதான் அடித்தது.

“கலா.”

இன்டர்நெட்டில் குரல் போய்த் திரும்ப இரண்டு விநாடி ஆகும்.

“என்னங்க, ஒடம்புக்கு ஏதாவதா? புள்ள நல்லா இருக்கா? ரெண்டு வெள்ளி நீங்க போன் பண்ணல.”

“எல்லாரும் நல்லாத்தான் இருக்கோம். சும்மா பேச விட்டது நின்னு போச்சு கலா. இனி நிமிசத்துக்கு இவ்வளவுன்னு கட்டணுமாம். புருசன் பொண்டாட்டி பேசுறதுக்கெல்லாம் கூலி கேட்டா நம்ம மாதிரி ஆளுங்க என்ன செய்றது? அன்னைக்கு நல்லா ஏசிட்டுத்தான் போனேன்.”

அவளும் சேர்ந்து ஏசுவாள் என்று காத்திருந்தான்.

“அங்கயுமா?” என்றாள் அவள்.

“அங்கயுமான்னா?”

இரண்டு விநாடி போயிற்று, நான்கும் போயிற்று. லைன் விழுந்துவிட்டதோ என்று அவன் ஹெட்போனை அழுத்திப் பிடித்தான்.

“ஒண்ணுமில்லங்க. வாய் தவறிருச்சு.”

“சொல்லு கலா. நேரம் போகுது.”

“இங்க நான் போன்ல நிக்கிறப்ப மேடம் கடிகாரத்தப் பாத்துட்டே இருப்பா. எவ்வளவு நேரம் பேசுறேனோ, அதப் போல ரெண்டு மடங்கு நேரம் அவ தங்கச்சி வீட்டுக்குப் போயி உடுப்பு அயன் பண்ணிக் குடுக்கணும். அதுக்கு ஒத்துக்கிட்டாத்தான் போன்ல பேச விடுவா.”

“வெள்ளிக்கிழம ஒனக்கு லீவுன்னு சொன்னியே.”

“லீவுதாங்க. அந்த லீவுலதான் போவேன்.”

“எப்பருந்து?”

“நீங்க மொதமொத போன் பண்ணுன நாள்லருந்து.”

முத்துவீரன் நிமிர்ந்து பார்த்தான். நுஹ்மான் நானா யாருக்கோ போட்டோ கொப்பி எடுத்துக்கொண்டிருந்தார். அவர் முகத்தைப் பார்க்க முடியாமல் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டான்.

“ஏழு மாசமா... ஒரு வார்த்த சொல்லியிருக்கக் கூடாதா கலா?”

இரண்டு விநாடி கழித்துப் பதில் வந்தது.

“சொல்லியிருந்தா, நீங்க சுருக்கமா பேசிட்டு வச்சிருப்பீங்களே.”