வலப்பக்கத்து அம்புக்குறி

"மருதாசலண்ணனோட லைசென்ஸைத் திருப்பிக் குடுங்கப்பா."

சொல்லிவிட்டேன். இந்த ஒன்றை மட்டும் நான் கேட்கவே கூடாது என்று காலையிலிருந்து எனக்கு உத்தரவு.

அப்பா சட்டைப் பையை உள்ளங்கையால் பொத்திக்கொண்டார். லைசென்ஸ் அதற்குள்தான் இருந்தது.

"நீ ஊட்டுல தூங்கிட்டிருந்தவ. உனக்கு இதுல பேச்சே கெடையாது."

"ஷாலை ஒழுங்காப் போடு மொதல்ல," என்றாள் அம்மா. இரண்டு பக்கமும் ஊக்கு குத்தியும் அவளுக்குத் திருப்தியில்லை. இன்றைக்கு அவளுக்கு இது ஒன்றுதான் வேலை.

மருதாசலண்ணன் கதவோரம் பிளாஸ்டிக் நாற்காலியின் நுனியில் உட்கார்ந்திருந்தார். அன்னூரில் லாரிக்கும் காருக்கும் ஆக்டிங் டிரைவர். இன்னும் கொஞ்ச நேரத்தில் அப்பாவோடு ஸ்டேஷனுக்குப் போய், காலையில் எங்கள் காரை ஓட்டியது தான்தான் என்று சொல்லப் போகிறார்.

அவர் ஓட்டவில்லை. கார் மோதியபோது அவர் தன் வீட்டு வாசலில் பல் விளக்கிக்கொண்டிருந்தார்.

ஓட்டியது என் அண்ணன் டேவிட்சன். பட்டாளத்தில் டிரைவர். தெற்கு சூடானில் அமைதிப் படையில் ஒரு வருடம் இருந்துவிட்டுப் போன வாரம்தான் வந்தான்.

சந்தைக்கு நைட்டி மூட்டையோடு மொபெட்டில் எதிரே வந்த அப்துல் நாசர் பாய், கோவையில் ஆஸ்பத்திரியில் இன்னும் கண் திறக்கவில்லை.

அண்ணன் சோபாவில் உட்கார்ந்து தரையைப் பார்த்துக்கொண்டிருந்தான். அடுத்த மாதம் அவனுக்கு புரமோஷன். கேஸ் விழுந்தால் அது போய்விடும் என்பதுதான் அப்பாவின் கணக்கு.

போனில் எவ்வளவு பெருமை அடித்திருப்பான். அங்கே காருக்கு ஒரு பர்மிட், லாரிக்கு ஒன்று, கவச வண்டிக்கு ஒன்று. ஒவ்வொன்றுக்கும் தனி டெஸ்ட். தேறாதவனை வண்டியைத் தொடவே விடமாட்டார்களாம். அவனவன் பேர் போட்ட அட்டையைத் தேய்த்தால்தான் இன்ஜினே உயிர் பெறுமாம்.

"யாரு ஓட்டுனான்னு வண்டிக்கே தெரியும் பாப்பா," என்பான்.

எல்லா டெஸ்டிலும் முதல் தடவையே பாஸ். அப்பா சர்ச்சில் எல்லோருக்கும் கேக் கொடுத்தார்.

அங்கே ரோட்டில் வலப்பக்கம்தான் போகவேண்டும். மறந்துவிடாமலிருக்க ஸ்டியரிங்குக்கு மேலே சிவப்பு அம்புக்குறி ஸ்டிக்கர் ஒட்டியிருப்பார்களாம்.

போனவனுக்கு ஸ்டிக்கர் ஒட்டினார்கள். திரும்பி வந்தவனுக்கு ஒன்று ஒட்ட வேண்டும் என்று இந்த வீட்டில் ஒருத்தருக்கும் தோன்றவில்லை. எனக்கும்தான்.

பெட்ரோல் பங்க்கிலிருந்து வெளியே வந்தான். ஆளில்லாத ரோடு. வலப்பக்கத்தைப் பிடித்துக்கொண்டு நிதானமாகப் போனான். குடிக்கவில்லை. போன் பேசவில்லை. வேகமும் இல்லை. அந்த ஊர் விதிப்படி ஒரு தப்பும் செய்யவில்லை.

மோதிய பிறகு ஓடவும் இல்லை. பாயின் தலையை மடியில் வைத்துக்கொண்டு 108-க்கு அவனேதான் போன் போட்டான்.

அடுத்த போன் அப்பாவுக்கு.

கூட்டம் சேர்வதற்குள் அப்பா புல்லட்டில் மருதாசலண்ணனைக் கொண்டுவந்து இறக்கினார். அண்ணன் வாயைத் திறக்கவில்லை. அந்த நிமிஷத்திலிருந்துதான் எனக்குப் பற்றி எரிகிறது.

"அட, வுடுங்க அம்மணி," என்றார் மருதாசலண்ணன். "தம்பி நாட்டுக்காவப் போயிட்டு வந்தவரு. எம்பட பையனுக்கு மிஷன் ஸ்கூல்ல சீட்டு வாங்கித் தந்ததே உங்கப்பாருங்க. மறக்க முடியுமுங்களா?"

"பாய் செத்துப்போயிட்டா உங்களுக்கு ஜெயில்லயும் அவரே சீட்டு வாங்கித் தருவாருங்களாண்ணா?"

சிரிக்கப் பார்த்தார். வரவில்லை.

"ஹெவி லைசென்ஸ் போயிருச்சுன்னா உங்களை எந்த லாரில ஏத்துவாங்க?"

துண்டை எடுத்து முகத்தைத் துடைத்தார். துடைத்துக்கொண்டே இருந்தார்.

"நாலு எழுத்து படிச்சுப்போட்டா நாயம் பேச வந்துருமா?" அப்பா எழுந்துவிட்டார். "உன்ற காலேஜுக்கு எவன் சம்பளம் போச்சு?"

அண்ணனுடைய சம்பளம். இந்த வீட்டில் டிகிரி முடித்த முதல் ஆள் நான். அதை ஒருநாளும் நான் மறந்ததில்லை. மறக்க இவர்கள் விட்டதும் இல்லை.

"அண்ணா, நீ சொல்லு. அங்க வண்டிக்கே தெரியும். இங்க யாருக்குத் தெரியும்?"

அவன் தரையைப் பார்த்தே சொன்னான். "ஆளே இல்லாத ரோடு, பாப்பா."

"அதேதான்," என்றார் அப்பா. "பாத்தவங்க ஒருத்தருமில்ல. அதோட வுடு."

நான் அப்பாவின் கையை விலக்கி, பையிலிருந்து லைசென்ஸை எடுத்தேன். அவர் அடிக்கக்கூட மறந்துபோய் நின்றார். மருதாசலண்ணனின் மடியில் அதை வைத்தேன்.

"ஊட்டுக்குப் போங்கண்ணா."

வாசலில் செருப்பை மாட்டும்போது அம்மா ஓடிவந்து என் ஷாலை இழுத்துவிட்டாள். இந்தத் தடவை அதட்டவில்லை, கெஞ்சினாள்.

"கழுத்தை மூடு கண்ணு. உனக்குப் புண்ணியமாப் போவுது."

காலையில் கிளம்பும்போது அண்ணன் ஒரு விஷயத்தில் கறாராக இருந்தான். அதுவும் அங்கே பழகியதுதான். "பெல்ட் போடு பாப்பா. அப்பத்தான் வண்டியை எடுப்பேன்."

போட்டேன்.

ஊக்குகளைக் கழற்றி ஷாலை அம்மாவின் கையில் கொடுத்தேன்.

கழுத்தின் இடப்பக்கம் தொடங்கி சுடிதாருக்குள் குறுக்காக இறங்கும் கன்றல், பெல்ட் அகலத்துக்கு, இப்போது நீலம் பாரித்திருந்தது.

அண்ணன் அப்போதுதான் நிமிர்ந்து பார்த்தான்.

நான் ரோட்டில் இறங்கி, ஸ்டேஷன் பக்கமாக நடந்தேன்.