லுபாசி இறங்கமாட்டான்

"முனையில டிரெய்லர நிறுத்திட்டு இறங்கிப் பார்க்கிறவன் ஓட்டுநரே இல்ல. நான் லுசாகாவுல ஏறினா ந்டோலாவுலதான் இறங்குவேன்," என்று வழியில் ஒரு சாப்பாட்டுக் கடையில் பிரகடனம் செய்தான் லுபாசி.

"இப்ப இறங்கியிருக்கியே?" என்றாள் கடைக்காரி.

"நான் எங்க இறங்கினேன்? வயிறு இறங்குச்சு, கூட வந்தேன்."

கடையே சிரித்தது. எதிரே கபாசோ, நிஷிமா என்ற சோளக்களி உருண்டையைக் குழம்பில் தொட்டுக்கொண்டிருந்தார். அவரும் டிரெய்லர் ஓட்டுபவர்தான்.

"கபாசோ அண்ணன் இறங்கிப் பார்க்கிறதோட நிக்கல. இப்ப கபிரி சந்தை முனையே வேணாம்னு ஊரச் சுத்திப் போறாரு. டிரெய்லருக்கு ஊர் காட்டணும்ல!" என்றான் லுபாசி.

"சிரிடா தம்பி. போன மாசம் அந்த முனையில திரும்பிட்டு இறங்கிப் பார்த்தா, மிசோசியோட தக்காளிக் கடை என் பின்சக்கரத்துக்கிட்ட சாய்ஞ்சு கெடக்கு. கால்ல விழாத குறையா மன்னிப்பு கேட்டு, நானே கம்பு நட்டுக் கட்டிக் கொடுத்தேன். அதுக்கப்புறம் அங்க திருப்பக் கை வரல."

"முதலாளி டீசலுக்குக் கத்துறாராமே?" என்றாள் கடைக்காரி.

"இன்னொரு தடவ சுத்தினா வேலையில்லன்னுட்டாரு. இன்னிக்கும் சுத்தத்தான் போறேன். பாவம் பண்ணின கை."

லுபாசி கையிலிருந்த உருண்டையைத் தட்டிலேயே வைத்தான். அன்று கபாசோவுக்கு முன்னால் அந்த முனையில் திரும்பியது அவன் லாரி. தன் வண்டி பட்டுக் கடை சாய்வதைக் கண்ணாடியில் பார்த்தான், இறங்கவில்லை.

"அண்ணே, இன்னிக்கு மட்டும் என் பின்னால சந்தை வழியா வாங்க," என்றான்.

லுசாகாவில் ஏறியவன் கபிரி முனையில் வண்டியை நிறுத்தி இறங்கினான். சக்கரத்தைப் பார்க்கவில்லை. நேராகத் தக்காளிக் கடைக்கு நடந்தான்.