பதினேழாம் நம்பர் கருவி

"கையெழுத்துப் போடுங்க. பேனா வேணுமா?"

தலைமையாசிரியை நீட்டிய தாளை ஃபிரிட்ஜ் மெக்கானிக் இரண்டு தரம் படித்தார். முதல் தரம் புரியவில்லை. இரண்டாம் தரம் புரிந்தது.

'வீட்டில் என் மகளுடன் நாங்கள் போதிய அளவு பேசுவதில்லை என ஒப்புக்கொள்கிறேன். அவளைத் தனிக்கவனப் பிரிவுக்கு மாற்றச் சம்மதிக்கிறேன்.'

"தனிக்கவனப் பிரிவுன்னா?"

"மாடியில தனி ரூம். வீட்டுல கவனிப்பில்லாத பிள்ளைங்களுக்கு. ஒரு வருஷம் அங்கதான்."

மகள் பக்கத்தில் நின்றாள். வீட்டில் அவளுக்குப் பெயர் ரேடியோ. பல் தேய்க்கும்போதே ஆரம்பித்துவிடுவாள். இப்போது யாரோ பிளக்கைப் பிடுங்கிவிட்ட மாதிரி தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

எதிரே பேராசிரியர். வீட்டுப் பேச்சுக்கும் பள்ளி மதிப்பெண்ணுக்கும் என்ன சம்பந்தம் என்று ஆராய்ச்சி செய்பவர். நாற்பது பிள்ளைகளின் சட்டைப் பையில் தீப்பெட்டி அளவுக்கு ஒரு கருவி போட்டிருந்தார். பெரியவர்கள் பிள்ளையிடம் பேசும் வார்த்தைகளை அது எண்ணும். மூன்று வாரம் எண்ணியாயிற்று.

"உங்க பொண்ணுக்குக் குடுத்தது பதினேழாம் நம்பர் கருவி. ஒரு நாளைக்கு எத்தனை வார்த்தை தெரியுமா? நூத்திப்பத்து! பூனை வளர்க்கறவங்க பூனைகிட்டகூட இதைவிட அதிகமா பேசுவாங்க."

தலைமையாசிரியை சிரித்தார். மெக்கானிக் சிரிக்கவில்லை.

"பதினெட்டைப் பாருங்க. ஒன்பதாயிரம்!"

"அது யாரு வீடு சார்?"

"நம்ம சார் வீடுதான்," என்றார் தலைமையாசிரியை பெருமையாக. "முன்மாதிரிக் குடும்பம். போட்டோவை இன்னிக்கு நோட்டீஸ் போர்டுல போடறோம்."

ஜன்னலோரம் பேராசிரியரின் மகள் நின்றாள். ரேடியோவும் அவளும் ஒரே பெஞ்சு. முன்மாதிரிக் குடும்பம் என்று கொடுத்த சான்றிதழைச் சுருட்டிச் சுருட்டிக் குழலாக்கிக்கொண்டிருந்தாள்.

மெக்கானிக் யோசித்தார். அவர் அதிகம் பேசுகிற ஆளில்லை. வாஸ்தவம். அதற்காக? நேற்றுக்கூட மகள் டார்ச் பிடிக்க, பழைய கம்ப்ரஸரைக் கழற்றிக் காட்டினார். ஒரு கேள்விக்குப் பதில் சொல்லி முடிப்பதற்குள் ஐந்து கேள்வி. மனைவியைப் பற்றிக் கேட்கவே வேண்டாம். மாமியார் அதற்கும் மேலே.

"சார், எங்க வீட்டுல மூணு பொம்பளைங்க. உங்க கருவி சூடாகிப் புகைஞ்சிருக்கணும்."

"எல்லா அப்பாவும் இப்படித்தான் சொல்வாங்க. பேசறதா நாமளே நினைச்சுக்குவோம். எண்ணிக்கை பொய் சொல்லாது."

"இது எண்ண மட்டும்தான் செய்யுமா?"

"மாதிரிக்கு, தினம் ஒரு நிமிஷம் பதிவும் பண்ணும்."

"கேட்டீங்களா?"

"எதை?"

"அந்தப் பதிவை."

"நாற்பது வீடு, மூணு வாரம். யாரு உட்கார்ந்து கேக்கறது? எண்ணிக்கை போதும்."

மெக்கானிக் தாளை மேஜைமேல் வைத்தார்.

"நான் ஃபிரிட்ஜ் ரிப்பேர் பண்றவன் சார். முதல்ல காதை வெப்பேன். அப்புறம்தான் ஸ்க்ரூடிரைவர். சத்தத்தைக் கேக்காம எதையும் கெட்டுப்போச்சுன்னு நான் சொன்னதில்லை. போடுங்க. கேப்போம்."

"கேளுங்க. சங்கடம் உங்களுக்குத்தான்."

பேராசிரியர் லேப்டாப்பில் பதினேழைத் தட்டினார்.

கொஞ்ச நேரம் கீபோர்டு தட்டும் சத்தம். பிறகு ஓர் ஆண் குரல்.

"அப்புறம்."

மறுபடி கீபோர்டு.

"அப்புறம்னு சொன்னேன்ல? அப்பா கட்டுரை முடிக்கணும். அம்மாகிட்ட போ."

தூரத்தில் ஒரு பெண் குரல். "எனக்கு மீட்டிங். அப்பாகிட்டயே கேளு."

கதவு சாத்தும் சத்தம்.

சற்றுமுன் பூனையைப் பற்றிப் பேசிய அதே குரல். அறையில் யாருக்கும் சந்தேகமில்லை. தலைமையாசிரியை அவசரமாகத் தண்ணீர் குடித்தார்.

"நம்பர்... நம்பர் எங்கேயோ மாறிப்போச்சு," என்றார் பேராசிரியர்.

"மாறலை சார். நாங்கதான் மாத்திக்கிட்டோம்." ரேடியோ பாட ஆரம்பித்தது. "நூறு வார்த்தைக்கு ஒரு தடவை பச்சை லைட் எரியும்னு நீங்கதானே சொன்னீங்க? முதல் நாள் என்னோடது நிக்காம எரிஞ்சுது. இவளோடது எரியவே இல்லை. எல்லார் முன்னாடியும் அவ அப்பாவுக்கு அவமானமாயிடும்னு பாத்ரூம்ல போய் அழுதா. அதான் என்னோடதை இவகிட்ட குடுத்துட்டேன். ரூம் மாத்துவீங்கன்னு எனக்கு எப்படித் தெரியும்?"

"இவ்வளவு நேரம் ஏண்டி வாயைத் திறக்கலை?" என்றார் மெக்கானிக்.

"யார்கிட்டயும் சொல்லமாட்டேன்னு இவளுக்கு வாக்குக் குடுத்திருந்தேன்பா."

மெக்கானிக் அந்தத் தாளை மெல்லப் பேராசிரியர் பக்கம் நகர்த்தினார்.

"பேனா வேணுமா சார்?"

பேராசிரியருக்கு முகம் சிவந்துவிட்டது. மகள்மேல் பாய்ந்தார்.

"இவ்வளவு பெரிய தப்பைப் பண்ணியிருக்கே! என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லக்கூடாதா?"

மகள் சான்றிதழைப் பிரித்து, சுருக்கம் நீவி, மேஜைமேல் வைத்தாள்.

"சொல்லத்தாம்பா வந்தேன். தினமும் வந்தேன். மிச்சப் பதிவையும் போட்டுக் கேளுங்க."